மூன்று மலைகளும் ஓர் ஒட்டுக்கேட்பவனும்

செஞ்சி என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜனும் அவனது குதிரையுமே. 1714இல் ஆற்காட்டுப் படையோடு பொருது மாண்ட அந்த இளைஞனின் கதை, கூத்தாகவும் கதைப்பாடலாகவும் தமிழகத்தின் ஊர்தோறும் சென்று சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கோட்டையில் நிகழ்ந்த நீண்ட முற்றுகையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த முற்றுகையில் பீரங்கிகள் செய்த வேலையைக் காட்டிலும் இரகசியத் தூதுகள் செய்த வேலை பெரிது.

இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது கம்பியில்லாச் செய்தியை ஒட்டுக்கேட்பவரிடமிருந்து காப்பாற்றும் கலையின் வரலாறு. அதற்கும் செஞ்சிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். செய்தியைக் காப்பதற்கு அன்றும் இன்றும் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, செய்தியைச் சங்கேதமாக்கிப் பூட்டுவது. பகைவன் கையில் கிடைத்தாலும் அவனால் திறக்க முடியாது. மற்றொன்று, செய்தி செல்லும் வழியையே பகைவனுக்கு எட்டாததாக அமைப்பது. முதலாவது கணிதத்தை நம்புகிறது. இரண்டாவது மலையை, ஒளியை, காற்றை, இரைச்சலை, அதாவது இயற்கையை நம்புகிறது. தகவல் தொடர்புப் பொறியாளர்கள் தம் அமைப்புகளைப் பல அடுக்குகளாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். அவற்றுள் மிகக் கீழே இருப்பது, அலைகள் மெய்யாகவே பயணம் செய்யும் பௌதிக அடுக்கு. இரண்டாவது வழியை அவர்கள் இன்று ‘பௌதிக அடுக்குப் பாதுகாப்பு’ என்று அழைக்கிறார்கள்.

கோட்டை என்பதே இரண்டாவது வழியின் கல்லாலான வடிவம்தான்.

முற்றுகைக்குள் ஒரு கடிதப் போக்குவரத்து

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் ஒரு முக்கோணமாக இணைத்து மதில் எழுப்பியிருக்கிறார்கள். சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இராஜகிரியின் உச்சிக்கு ஏறுபவன், முடிவில் ஓர் ஆழமான பிளவைக் கடந்தே ஆக வேண்டும். அதன் மேலிருந்த மரப்பாலத்தை இழுத்துவிட்டால் உச்சி தனித்துவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராட்டிய இராணுவக் கோட்டைகளின் தொகுப்பில், தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இதுதான்.

1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவருடைய இளைய மகன் இராஜாராம், மொகலாயரிடமிருந்து தப்பி, மாறுவேடத்தில் தெற்கே வந்து 1689இன் இறுதியில் செஞ்சியை அடைந்தார். மராட்டிய அரசின் தலைநகரமே இங்கு இடம்பெயர்ந்தது எனலாம். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகையிட்டான். ஆனால் அவ்வளவு பெரிய கோட்டையை முழுதாக வளைக்க அவனிடம் ஆள் இல்லை. உள்ளிருந்தவர்கள் வெளியே போவதும் வருவதும் நிற்கவில்லை. 1691இன் இறுதியில் அவனுடைய தந்தையும் பேரரசின் வஜீருமான ஆசாத் கானும், ஔரங்கசீப்பின் கடைக்குட்டி மகன் காம் பக்ஷும் உதவிக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 1692இன் இறுதியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் வெளியிலிருந்து வந்து மொகலாயப் பாசறையையே வளைத்துக்கொண்டன. முற்றுகையிட்டவர்கள் முற்றுகைக்குள்ளானார்கள். தானியம் வரவில்லை, தில்லி நாதன் இறந்துவிட்டான் என்ற வதந்தி மட்டும் வந்தது. வாரிசுப் போர் மூண்டால் தன் கதி என்னவாகும் என்று அஞ்சிய காம் பக்ஷ், தன் ஏவலர்கள் மூலம் இராஜாராமுடன் இரகசியத் தொடர்பு வைத்துக்கொண்டான். ஒற்றர்கள் வழியே அது ஆசாத் கானுக்கும் சுல்பிகருக்கும் தெரிந்துபோயிற்று. இளவரசனைச் சிறைப்படுத்தி, பின்னர் தந்தையிடம் அனுப்பிவைத்தார்கள். சுல்பிகர் கானும் இராஜாராமுடன் பேசி முடித்து, 1693இன் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினான்.

இதைவிட விந்தையானது அடுத்து வருவது. இளவரசனின் இரகசியத்தைப் பிடித்த அந்தச் சுல்பிகர் கானே மராட்டியரோடு உள்ளூர உடன்பாடு வைத்திருந்தான் என்று அக்காலத்தவர் பலர் ஐயுற்றார்கள். 1698இன் தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது இராஜாராம் அங்கே இல்லை, முன்பே வெளியேறியிருந்தார். இந்தப் போர்களில் உடனிருந்த பீம்சேனின் பாரசீகக் குறிப்புகளும், அவற்றைப் பயன்படுத்தி எழுதிய ஜதுநாத் சர்க்காரின் நூலும், செஞ்சிக்கெனவே சி.எஸ். ஸ்ரீநிவாசாச்சாரி எழுதிய வரலாறும் இவற்றை விரிவாகப் பேசுகின்றன.

நமக்கு இங்கு வேண்டியது ஒரு சிறு பாடம். 13 கிலோமீட்டர் மதிலும் மலையும் பிளவும் பகைவனின் காலைத் தடுத்தன. காதைத் தடுக்கவில்லை.

ஒளிக்கற்றையும் விரிந்த வானும்

தீப்பந்தம், கொடி, முரசு ஆகிய பழைய சைகைகளுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. நண்பனுக்குத் தெரிவது பகைவனுக்கும் தெரியும். மலையுச்சியில் மூட்டிய தீ எல்லாத் திசைக்கும் ஒன்றுபோலவே ஒளிரும்.

இந்தக் குறைக்கு ஓர் அழகான விடை நம் துணைக்கண்டத்திலேயே பிறந்தது. 1869இல் கராச்சியில் பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில் பணியாற்றிய ஹென்றி மான்ஸ், சூரிய ஒளியைக் கண்ணாடியில் திருப்பிச் சிமிட்டிச் செய்தி அனுப்பும் ஹீலியோகிராஃப் கருவியை உருவாக்கினார். இரண்டாம் ஆப்கானியப் போரில் அது பெரிதும் பயன்பட்டது. சூரியனின் வட்டம் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே உள்ளது. ஆதலால் கண்ணாடியிலிருந்து புறப்படும் கற்றை ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டர் வீதம்தான் விரிகிறது. 50 கிலோமீட்டருக்கு அப்பால் அதன் அகலம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். அந்தப் பட்டைக்குள் நிற்பவனுக்கு மட்டுமே சிமிட்டல் தெரியும். பூட்டு எதுவும் இல்லை, வடிவியலே காவல்.

கம்பியில்லாத் தந்தி வந்தபோது இந்தக் காவல் மீண்டும் கலைந்தது. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர்களை ஊடுருவிச் செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அவர் கையாண்டவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குற்றலைகள். கொம்பு வடிவக் குழாய்களால் அவற்றை ஒரு திசையில் குவிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் உலகம் மார்க்கோனியின் நெட்டலைகளைப் பின்பற்றியது. அவை கடல் கடந்தன. கூடவே எல்லாத் திசையிலும் பரவின.

தன் கருவியைக் குறிப்பிட்ட அலைவரிசைக்கு இசைத்துவிட்டால் பிறர் ஒட்டுக்கேட்க இயலாது என்று மார்க்கோனி உறுதியளித்தார். இதுவும் ஒருவகையில் பௌதிக அடுக்கின் வாக்குறுதியே. அதைப் பொய்யாக்கியவர் நெவில் மாஸ்கலின் என்னும் இலண்டன் செப்படி வித்தைக்காரர். கம்பித் தந்தி நடத்திய ஈஸ்டர்ன் டெலிகிராஃப் நிறுவனம், தன் தொழிலுக்கு வந்த போட்டியை வேவு பார்க்க அவரை அமர்த்தியது. அவரோ 25 அடிக் கம்பம் ஒன்றை நட்டு மார்க்கோனியின் செய்திகளைத் தாராளமாகக் கேட்டார். 1903 ஜூனில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஃபிளெமிங் மார்க்கோனியின் முறையை விளக்கிக்கொண்டிருந்தபோது, மேடைக் கருவி தானாகவே ‘எலிகள், எலிகள்’ என்று தட்டத் தொடங்கியது. தொடர்ந்து மார்க்கோனியைக் கேலி செய்யும் பாட்டு ஒன்று வந்தது. அனுப்பியவர் மாஸ்கலின். அலைவரிசை என்பது பூட்டு அன்று, வெறும் முகவரியே என்பதை அவையோர் கண்ணெதிரே கண்டார்கள்.

எம்டன் கேட்டது, எம்டன் கேளாதது

தமிழில் ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் பின்னால் இருப்பதும் ஓர் ஒட்டுக்கேட்பவனின் கதைதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், வங்கக் கடலில் வாரக்கணக்கில் அகப்படாமல் திரிந்தது. பொய்யான நான்காவது புகைபோக்கி அதன் ஒரு வேடம். இன்னொரு வேடம் மௌனம். தளபதி கார்ல் ஃபான் முல்லர் தம் வானலைக் கருவியைப் பேசவிடாமல் பெரும்பாலும் கேட்கவிட்டார். பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சங்கேதம் புரியாவிட்டாலும் கவலையில்லை. ஒலி வலுத்தால் கப்பல் அருகில் இருக்கிறது, மெலிந்தால் தொலைவில் இருக்கிறது. செய்தியின் பொருள் பூட்டியிருந்தது. செய்தி இருக்கிறது என்னும் உண்மை பூட்டப்படவில்லை. எம்டனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதே கலை எம்டனைக் கைவிட்ட நாள் 1914 நவம்பர் 9. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் சென்றபோது, நிலையத்தார் அந்நியக் கப்பல் வந்திருப்பதை வானலையில் அறிவித்தார்கள். எம்டன் தன் அலைகளால் அதைக் குழப்ப முயன்றும் பயனில்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளை ஏற்றிய கப்பல் வரிசை ஒன்று 50 கடல் மைல் அளவுத் தொலைவிலேயே போய்க்கொண்டிருந்தது. அது வானலை மௌனம் காத்து வந்ததால் அவ்வளவு அருகில் பகை இருப்பதை எம்டன் அறியவில்லை. அவ்வரிசையிலிருந்து பிரிந்து வந்த சிட்னி என்னும் கப்பல் எம்டனைச் சிதைத்துக் கரைதட்டச் செய்தது. கேட்பதில் வல்லவனை மௌனம் வென்றது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் மௌனத்தால் போரைத் தவிர்க்கலாம். செய்தி அனுப்ப முடியாது. பேசவும் வேண்டும், கேட்கப்படவும் கூடாது. இந்த இக்கட்டுக்கு ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் ஒரு வழி சொன்னார்கள். நீர்மூழ்கிக் குண்டுகளை வழிநடத்தும் அலையை, பியானோவின் கட்டைகளைப் போன்ற 88 அலைவரிசைகளுக்கிடையே இருபுறமும் அறிந்த வரிசையில் தாவச் செய்வது. 1942 ஆகஸ்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அன்றைய கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. அலைவரிசைத் தாவல் என்ற அக்கருத்து பலர் கைகளில் வளர்ந்து, இன்றைய புளூடூத் வரை வந்திருக்கிறது. எனினும் தாவும் வரிசை தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும். ஆக அங்கும் ஒரு திறவுகோல் ஒளிந்திருக்கிறது.

இரைச்சலைக் காவலாளியாக்குதல்

1949இல் கிளாட் ஷானன் சங்கேதத்தின் கணிதத்தை எழுதி முடித்தார். பகைவன் நாம் அனுப்பியதை அட்சரம் பிசகாமல் பெறுகிறான் என்பதே அவரது தொடக்க அனுமானம். அப்படியானால் முழுமையான இரகசியத்துக்கு, செய்தி எவ்வளவு நீளமோ திறவுகோலும் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று அவர் நிறுவினார். நூறு பக்கச் செய்திக்கு நூறு பக்கத் திறவுகோலை முன்கூட்டியே கொண்டு சேர்க்க வேண்டும் என்றால், அந்தத் திறவுகோலை எவன் கொண்டு செல்வான்? பழைய தூதனின் சிக்கல் அப்படியே நிற்கிறது.

1975இல் பெல் ஆய்வகத்தின் ஆரன் வைனர் அந்த அனுமானத்தையே கேள்வி கேட்டார். பகைவன் ஏன் அட்சரம் பிசகாமல் கேட்க வேண்டும்? அலை எங்கும் ஒரே தெளிவோடு செல்வதில்லையே.

இதைச் செஞ்சியின் மூன்று மலைகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். இராஜகிரியில் ஒருவர் பேசுகிறார். கிருஷ்ணகிரியில் இருப்பவர் நண்பர். சந்திரகிரியில் ஒட்டுக்கேட்பவன் அமர்ந்திருக்கிறான். காற்று கிருஷ்ணகிரியை நோக்கி வீசுகிறது என்று கொள்வோம். நண்பருக்குச் சொற்கள் தெளிவாகவும் பகைவனுக்கு மங்கலாகவும் கேட்கின்றன. பேசுபவர் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளாமல் ஓராயிரம் சொற்களை ஒதுக்கிவைக்கிறார். அனுப்பும்போது அந்த ஆயிரத்தில் எதையேனும் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து அனுப்புகிறார். இந்தப் பட்டியல் இரகசியமே அன்று. பகைவனிடமும் அது இருக்கட்டும். நண்பருக்கு எல்லாச் சொற்களையும் வேறுபடுத்திக் காணும் தெளிவு உண்டு. ஆகவே செய்தியை அறிந்துகொள்கிறார். பகைவனின் காதோ, அந்தக் குருட்டாம்போக்குத் தேர்வைத் தொடர்வதிலேயே தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிடுகிறது. செய்தியைப் பற்றி அறிய அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

பகைவனின் பாதை நண்பனின் பாதையைவிட இரைச்சல் மிகுந்ததாக இருந்தால், எந்தத் திறவுகோலும் இன்றி, குறிப்பிட்ட வேகத்தில் இரகசியம் பேச முடியும் என்பதே வைனரின் முடிவு. 1978இல் ஹங்கேரியின் சிசார், கொர்னர் இருவரும் இதை மேலும் பொதுமைப்படுத்தினார்கள். அதே ஆண்டு லியுங்-யான்-செங்கும் ஹெல்மனும், இயல்பான வானலை இரைச்சல் உள்ள இடத்தில் அந்த வேகம் இரு பாதைகளின் கொள்ளளவு வேறுபாடே என்று காட்டினார்கள். நூற்றாண்டுகளாகப் பொறியாளரின் எதிரியாக இருந்த இரைச்சல் இங்கே கோட்டைக் காவலாளியாகிவிட்டது.

காற்று பகைவன் பக்கம் வீசினால்? அதற்கும் இரு வழிகள் கண்டார்கள். முதலாவது, செயற்கை இரைச்சல். பல ஆன்டெனாக்கள் கொண்ட நிலையம், செய்தியோடு கூடவே இரைச்சலையும் அனுப்புகிறது. ஆனால் நண்பர் இருக்கும் புள்ளியில் மட்டும் அந்த இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி கோக்கிறது. இரகசியம் பேசும்போது வாசலில் மேளம் கொட்டச் சொல்லும் பழைய தந்திரம்தான். மேளம் நண்பரின் காதில் மட்டும் விழாது என்பதே புதுமை. சதாசு கோயல், ரோஹித் நேகி ஆகியோர் 2008இல் இதை விரிவாக எழுதினார்கள்.

இரண்டாவது, வழியிலிருந்தே திறவுகோலைக் கறப்பது. இராஜகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் அலை பாறைகளிலும் மதில்களிலும் மோதி எதிரொலித்துச் செல்கிறது. அதே அலைவரிசையில் எதிர்த்திசையில் வரும் அலையும் அதே எதிரொலிகளைத்தான் சந்திக்கிறது. இருவரும் தத்தம் இடத்திலிருந்து வழியை அளந்தால் ஒரே ஏற்ற இறக்கம் கிடைக்கும். அதிலிருந்து பொதுவான எண் வரிசை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எதிரொலிகள் நிறைந்த இடத்தில், அரை அலைநீளம் தள்ளி நிற்பவனுக்கே அளவு மாறிவிடும். வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது வெறும் ஆறு சென்டிமீட்டர். பகிரங்கமாகப் பேசியே இரகசியத் திறவுகோலை உருவாக்கலாம் என்பதற்கான கணித அடித்தளத்தை 1993இல் யூலி மாரரும், தனியே ஆல்ஸ்வீடு, சிசார் இருவரும் அமைத்தார்கள்.

மதிலுக்குள் இருப்பவன்

இதெல்லாம் எதற்கு, பூட்டுகள்தாம் நன்றாக வேலை செய்கின்றனவே என்று கேட்கலாம். இன்றைய பூட்டுகளில் பல, ஒரு கணக்கைத் தீர்க்க நெடுங்காலம் ஆகும் என்ற நம்பிக்கையில் தொங்குகின்றன. குவாண்டம் கணினிகள் வளர்ந்தால் அவற்றுள் சில திறந்துகொள்ளும். அதனால்தான் அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் புதிய பூட்டுகளுக்கான தரங்களை வெளியிட்டது. இன்று வானில் பறக்கும் செய்தியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, திறக்கும் காலம் வரை காத்திருப்பவனுக்கு எதிராக நாளைய பூட்டு உதவாது. நோயாளியின் உடலில் பொருத்திய சிறு கருவியின் செய்தியும், ஒரு பத்திரிகையாளரிடம் யாரோ நம்பிச் சொன்ன செய்தியும் இருபது ஆண்டு கழித்துத் திறக்கப்பட்டாலும் தீங்கு தீங்குதான். பகைவனின் காதில் விழாத ஒன்றை அவன் பதிவு செய்துவைக்கவே முடியாது. பௌதிக அடுக்கின் கவர்ச்சி இதில் இருக்கிறது.

ஆனால் அந்த அடுக்கு கேட்கும் விலையையும் சொல்ல வேண்டும். வைனரின் தேற்றம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது: பகைவன் எங்கே இருக்கிறான்? அவன் காது நம் நண்பரின் காதைவிட மந்தமானது என்று எப்படித் தெரியும்? மௌனமாகக் கேட்பவன் தன் இருப்பை அறிவிப்பதில்லை, எம்டன் அறிவிக்கவில்லை. சந்திரகிரியில் இருப்பதாக நாம் கணக்கிட்டவன் கிருஷ்ணகிரியின் அடிவாரத்துக்கு வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. செயற்கை இரைச்சலும், அவன் நண்பரை ஒட்டி நின்றாலோ நம்மைவிட அதிக ஆன்டெனாக்கள் வைத்திருந்தாலோ தளர்ந்துபோகும். அசைவில்லாத வெட்டவெளியில் எதிரொலித் திறவுகோல் வறண்டுவிடும். மனிதரும் வண்டிகளும் நடமாடும் தெருவில்தான் அது ஊறும். ஐம்பதாண்டு கழிந்தும் இத்துறை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே நிற்பதற்கு இவை முக்கியமான காரணங்கள். பூட்டுக்கு மாற்றாக அன்றி, பூட்டுக்கு முன்னால் ஒரு மதிலாகவே இதைக் கருத வேண்டும் என்பது துறையறிந்த பலரின் கருத்து.

மதில் என்றவுடன் மீண்டும் காம் பக்ஷ் நினைவுக்கு வருகிறான். இராஜாராமோடு அவன் நடத்திய பேச்சை வழியில் யாரும் மறித்துப் பிடித்ததாகத் தெரியவில்லை. அவன் கூடாரத்தைச் சுற்றியிருந்தவர்கள் வழியாகவே அது கசிந்தது. மலையும் மதிலும் இரைச்சலும் இரண்டு மனிதர்களுக்கு இடையிலுள்ள வெளியை மட்டுமே காக்கும். அவ்விருவரின் அருகில் இருக்கும் மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்ல எந்தத் தேற்றத்துக்கும் வாயில்லை.

இன்று நம் பையில் இருக்கும் கைப்பேசியும் ஒரு சிறு பாசறையே. அதற்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட காற்றைக் காக்க உலகின் மிகச் சிறந்த மூளைகள் உழைக்கின்றன. உழைக்கட்டும், அது தேவைதான். ஆனால் பாசறைக்குள்ளேயே குடியிருக்கும் செயலிகளையும், கோபுரத்துக்கு அப்பால் பதிவேடு வைத்திருப்பவரையும், அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தையும் அந்த உழைப்பு தொடுவதில்லை. அவை தொழில்நுட்பத்தால் ஆகாதவை. சட்டமும் பொதுவிழிப்பும் செய்ய வேண்டியவை. 1693இல் செஞ்சியின் மதில்கள் ஒன்றுகூட இடியவில்லை. இரகசியம் மட்டும் வெளியே போயிருந்தது.